குழாயடிச் சிலுவை

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. வாய் திறப்பதற்குள் கை எதையாவது செய்து முடித்திருக்கும். கல்யாணமாகிக் கல்கத்தாவுக்கு வந்த முதல் வருஷத்தில் இரண்டு மண்சட்டிகளும் ஒரு விளக்குச் சிம்னியும் அப்படித்தான் போயின. அவை போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் பவானிபூர் வீட்டுக் குழாயடியில் என் கை செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் இருப்புக் கொள்வதில்லை. இதை எழுத உட்கார்ந்தபின் மூன்று தரம் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாயிற்று.

இந்த நூற்றாண்டு பிறந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. என் கணவருக்கு லால்திகி அருகே ஓர் அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா வேலை. நாங்கள் திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர்கள். வீட்டின் கீழ்ப்பகுதியில் நாங்கள் இருந்தோம். மாடியில் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமணக் குடும்பம் ஒன்று. அந்த வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் பெரிய உத்தியோகத்தில் இருந்தார். மாதத்தில் பாதி நாள் டாக்கா, அஸ்ஸாம் என்று டூர் போய்விடுவார். மாமி இரண்டு சின்னப் பெண் குழந்தைகளோடு தனியாக இருப்பாள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். காய்கறிக்காரனிடமும் பால்காரனிடமும் நாள் முழுக்க வங்காளி பேசித் திண்டாடும் இரண்டு தமிழ்ப் பெண்கள் ஒரே வீட்டில் இருந்தால் கூடிக் குலவ வேண்டும் என்றுதானே நினைப்பீர்கள்? முதல் மாதம் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முற்றத்தில் ஒரே ஒரு குழாய். செங்கல் அடுக்கிப் பூச்சுப் பூசிய ஆளுயரத் தூண் ஒன்றில் பதித்திருந்தார்கள். காலையில் இரண்டு மணி நேரம் தண்ணீர் வரும். கணவர் டிராமுக்கு ஓட வேண்டியவர் என்பதால் நான் முதலில் பிடித்துவிடுவேன். பிறகு மாமி ஈர மடிப்புடவையோடு இறங்கி வருவாள். ஒரு கை புளியும் சாம்பலும் கொண்டுவந்து குழாயின் வாயைத் தேய்ப்பாள். சொம்பு நிறையத் தண்ணீர் பிடித்துக் குழாயின்மேல் வீசி ஊற்றுவாள். தரையைக் கழுவுவாள். அப்புறம்தான் குடத்தை வைப்பாள். ஒரு நாள் விடாமல், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

எங்கள் ஊரில் என் தாத்தா காலத்தில் இதையெல்லாம் பட்டார்கள். நாங்கள் கிறிஸ்து வேதத்துக்கு வந்தோம், எழுதப் படிக்கக் கற்றோம், அத்தோடு அந்தக் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது எனக்கு முன்னே ரயிலேறிக் கல்கத்தாவுக்கு வந்து, புளியும் கையுமாக முற்றத்தில் காத்துக்கொண்டிருந்தது.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் விரதமான லெந்து காலம் தொடங்கிய முதல் வாரம் அது. கணவரின் வெள்ளைக் கோட்டைத் துவைத்துக் கஞ்சி போட்டுக் கொடியில் உலர்த்தியிருந்தேன். மாமி வீசிய புளித்தண்ணீர் அதன் முதுகில் போய்த் தெறித்தது.

“என்ன மாமி, கண்ணு தெரியலியா? ஆபீஸ் கோட்டு!” என்றேன்.

“குழாயடியிலே கொண்டுவந்து உலர்த்துவாளோ?” என்று கேட்டுவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடியேறிவிட்டாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் ஏறியது. உள்ளே போனேன். கணவரின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை விரல் நிறைய வழித்தேன். வெளியே வந்து, குழாய்க்கு நேர் மேலே, தூணில் நெடுக ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு போட்டேன்.

நான் அதை ஏன் போட்டேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். வந்த புதிதில், நாங்கள் பேசிக்கொண்டிருந்த நாளில், மாமி என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டிருந்தாள். “உங்க பாதிரி மேலே ஜலம் தெளிச்சா அவ்வளவுதானா? அப்புறம் திரும்பி வரவே முடியாதாமே?” கேட்கும்போதே இளைய குழந்தையை மடியோடு இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் ஊரில் பாதிரிமார் கிணற்றில் மந்திரித்துப் போடுவதாகச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அன்றைக்கு நான் சிரித்தேன். ஆனால் அந்தப் பயத்தை மனசில் பத்திரமாக வைத்திருந்தேன் போலிருக்கிறது. சிலுவைக்குக் கீழே விழுகிற தண்ணீரை அவள் தொடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டேன்.

மறுநாள் காலை மாமி இறங்கி வந்து தூணைப் பார்த்தாள்.

“இதை யார் போட்டா?”

“நான்தான். எங்க வீட்டு வாசல்ல எல்லாம் போடுவோம்.”

“குழாய் உங்காத்து வாசலா?”

நான் குனிந்து என் குடத்தை நகர்த்தினேன்.  அவள் வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவாசலைத் தாண்டிப் போனாள். ஆதிகங்கை ஆற்றுத் துறைக்குப் போய் நிறைத்துக்கொண்டு, அரைமணி கழித்து வந்தாள். திரும்பவும் போனாள். அன்றைக்கு மூன்று நடை. தோல்பையில் தண்ணீர் கொண்டுவருகிறவனை அவர்கள் வீட்டில் வாசல்படி ஏறவிடமாட்டார்கள். ஆகையால் மறுநாளும் அவளேதான் போனாள்.

முதல் இரண்டு நாள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், பாட்டுக்கூடப் பாடினேன். குழாய் முழுக்க முழுக்க எனக்கு. புளி இல்லை, சாம்பல் இல்லை, கோட்டில் கறை இல்லை.

மூன்றாம் நாளிலிருந்து சந்தோஷம் எங்கோ போய்விட்டது. மாமி மாடிப்படி ஏறும்போது குடம் ஒவ்வொரு படியிலும் கைப்பிடிச் சுவரில் இடித்து ‘டண்’ என்னும். பதினெட்டுப் படி. நான் அரிசி களைந்துகொண்டிருப்பேன். ‘டண்’ கேட்டதும் கை நின்றுவிடும். அடுத்ததற்குக் காது காத்திருக்கும். அது வரத் தாமதமானால், ஏன் நின்றுவிட்டாள், மூச்சு வாங்குகிறதோ என்று மனசு பரபரக்கும். வந்துவிட்டால் எரிச்சல் வரும். இப்படியே மூன்று நடை. மூன்றாம் நடை முடிவதற்குள் சோறு குழைந்துவிடும். “என்னளா, தினமும் கஞ்சியா?” என்பார் கணவர். நான் அவர்மேல் பாய்வேன்.

எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கோயில் கிடையாது. வங்காளிச் சபையார் தங்கள் ஆராதனையை முடித்துப் போனபின் அதே கோயிலில் நாங்கள் கூடுவோம். குமாஸ்தாக் குடும்பங்களும், வெள்ளைக்காரர் வீட்டு ஆயாக்களும், பட்லர்களும் என்று முப்பது நாற்பது பேர். அந்த லெந்தில், சபையைக் கவனித்துவந்த உபதேசியார் வெள்ளிக்கிழமைதோறும் சிலுவையைப் பற்றியே பேசினார். சிலுவை கோயில் சுவரோடு நின்றுவிடக் கூடாது, அடுப்படிக்கும் ஆபீஸுக்கும் கூட வர வேண்டும் என்றார். அந்த வாரம் அவரவர் அதை எப்படிச் சுமந்தார்கள் என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டும். ஒருவர் வெற்றிலையை விட்டதைச் சொன்னார். ஒருவர் டிராமில் போகாமல் நடந்து போனதைச் சொன்னார். என் கணவர் எழுந்தார்.

“எங்க வீட்டுக் குழாயடியில எம் பெண்சாதி சிலுவை போட்டிருக்கா. புறமதஸ்தர் குடியிருக்கிற வீடு. பயப்படாம போட்டிருக்கா” என்றார்.

“ஸ்தோத்திரம்!” என்றார் உபதேசியார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கழுத்து வரை வேர்த்துவிட்டது. எழுந்து, அது அப்படி அல்ல என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன், அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வெளியே வரும்போது சென்னப்பட்டணத்து ஆயா ஒருத்தி என் பக்கத்தில் நடந்தாள். அலிப்பூரில் ஒரு துரை வீட்டில் குழந்தை பார்க்கிறவள்.

“அதுக்கப்புறம் அந்தம்மா தண்ணிக்கி இன்னா பண்றாங்க?” என்று கேட்டாள்.

சும்மாதான் கேட்டாள். ஊசி எதுவும் வைத்துக் கேட்கவில்லை. நான் “எங்கேயோ போய் எடுக்காங்க” என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன். வீடு வரும்வரை கணவரால் எனக்கு ஈடுகொடுத்து நடக்க முடியவில்லை.

அடுத்த வாரத்தில் ஒரு காலை, மாமி வாசலில் குடத்தை இடுப்பு மாற்றினாள். முந்தானை விலகியது. அவள் மாசமாக இருந்தாள். ஐந்து மாசமாவது இருக்கும். துறைப்படிகளில் பாசி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நானே ஒரு தரம் அங்கே வழுக்கியிருக்கிறேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அவள் வெளியே போனால் தெருவாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பேன். திரும்பி வந்து முதல் ‘டண்’ கேட்ட பிறகுதான் உட்காருவேன். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அது என் விரலால் ஆனது. வேறு யார் தலையிலும் அதைக் கட்ட முடியாது.

ஒரு சொம்புத் தண்ணீர் போதும், கழுவிவிடலாம். ஆனால் சிலுவையை எப்படி அழிப்பது? என் தாத்தா வேதத்துக்கு வந்த வருஷம் வீட்டு வாசலில் சுண்ணாம்பால் சிலுவை போட்டார். ஊரார் இரவோடு இரவாக அதில் சாணியை அப்பினார்கள். தாத்தா காலையில் கழுவிவிட்டு மறுபடி போட்டார். மறுபடி அப்பினார்கள். மறுபடி போட்டார். இந்தக் கதையைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். சிலுவையை அழிக்கிறவர்கள் எதிராளிகள். நாம் போடுகிறவர்கள். அப்படியிருக்க, நானே என் கையால் அழித்தால் நான் யார்? இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வெறும் வீம்பு. அழித்தால் புளியோடு அவள் திரும்ப வருவாளே என்ற வீம்பு. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. வீம்புக்கும் தாத்தாவின் சட்டையைப் போட்டு வைத்திருந்தேன்.

ஆகவே மழைக்கு ஜெபம் பண்ணினேன். நான் அழிக்காமல் அதுவாக அழிய வேண்டும். பங்குனி வெயில் கொளுத்தியது. வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் வடமேற்கில் கறுத்து, வங்காளத்துக் கோடைப் புயலான கால்பைசாகி அடித்து, முற்றம் முழங்கால் நனையப் பெய்தது. சுண்ணாம்பு வெள்ளை வெள்ளையாக வழிந்து ஓடுவதைக் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். அன்றைக்குத்தான் சோறு பதமாக வந்தது.

கணவர் ஆபீஸிலிருந்து தொப்பலாக நனைந்து வந்தார். தூணைப் பார்த்தார். “அடடா, அழிஞ்சு போச்சே” என்றார். மறுநாள் சாயங்காலம் ஒரு டப்பா நீலப் பெயிண்டும் ஒரு பிரஷும் வாங்கிக்கொண்டு வந்தார்.

“இனிமே பிரளயம் வந்தாலும் போகாது, பாரு” என்று மரச்சட்டம் பிடித்து, நூல் பிடித்து, ஒரு முழ உயரத்துக்கு அழகாகத் தீட்டினார். அவருக்கு என்னைப்பற்றி அவ்வளவு பெருமை. “வேண்டாம்” என்று ஒரு வார்த்தை சொல்ல நா எழவில்லை. மாமி மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பக்கத்து வீட்டு வங்காளிப் பெரியம்மா, மாஷிமா என்போம், மறுநாள் ஒரு செம்பருத்திப் பூவைக் கொண்டுவந்து அதன் அடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். மதராஸிகளின் ஏதோ விரதம் என்று நினைத்திருப்பாள். அந்தச் சிலுவையை ஒழுங்காகக் கும்பிட்டது அவள் ஒருத்திதான்.

பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணி நேர ஆராதனையில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. காதில் ‘டண் டண்’ என்றே கேட்டுக்கொண்டிருந்தது.

எங்கள் சீமையில் ஒரு வழக்கம் உண்டு. ஈஸ்டருக்கு நற்கருணை அப்பமும் ரசமும் எடுப்பவர்கள் முதல் நாளே உபதேசியாரிடம் பெயர் கொடுக்க வேண்டும். அவர் வீடு வீடாக வந்து, “யாரோடும் மனஸ்தாபம் இல்லையே?” என்று கேட்பார். இருந்தால் போய்ச் சமாதானமாகிவிட்டு வர வேண்டும். இல்லாவிட்டால் பெயர் ஏறாது. கல்கத்தாவிலும் அதை விடவில்லை. சனிக்கிழமை மத்தியானம் உபதேசியார் குடையும் நோட்டுமாக வந்து எங்கள் முன்னறையில் உட்கார்ந்தார். கணவர் பெயரை எழுதினார். என்னைப் பார்த்தார்.

“உனக்கு என்னம்மா, யாரோடும் மனஸ்தாபம் இல்லையே?” என்று கேட்டுக்கொண்டே பேனாவை மையில் தோய்த்தார்.

அந்த நேரம் பார்த்து மாமி வாசலுக்குள் வந்தாள். பண்டிகைநாள் எதற்கோ அதிகப்படி தண்ணீர் வேண்டியிருந்தது போலும். வெயிலில் முகம் சிவந்துபோயிருந்தது. எங்கள் கதவைத் தாண்டிப் போனாள். முதல் ‘டண்’ கேட்டது. இரண்டாவது கேட்டது. மூன்றாவது வரவில்லை.  ரொம்ப நேரம் கழித்து வந்தது.

“இருக்கு ஐயா” என்றேன்.

பேனா நின்றது. “யாரோடம்மா?”

“மேல் வீட்டு அம்மாவோட.”

உபதேசியார் முகம் தெளிந்தது. “அவங்களோடயா? நம்ம சபைக்குள்ள யாரோடயாவது உண்டான்னு கேட்டேன். அவங்க நம்ம ஜனம் இல்லியே” என்று எழுதப் போனார்.

“எழுதாதீங்க ஐயா” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் இரும்புத் தோசைக் கரண்டியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். தூணில் கரண்டியின் விளிம்பை வைத்துச் சுரண்டத் தொடங்கினேன்.

கணவர் பின்னாலேயே ஓடிவந்தார். “ஏட்டி, கிறுக்குப் பிடிச்சிருக்கா? உங்க தாத்தா வாசல்ல சாணி அப்புனவன் செஞ்ச வேலையை நீ செய்யுதியா?”

“தாத்தா அவரு வாசல்ல போட்டாரு. நான் இன்னொருத்தி குடிக்கிற தண்ணிக்கு மேல போட்டேன்” என்றேன். “அந்தம்மா மாசமா இருக்காங்க. இந்த நாற்பது நாளும் இதை நானா சுமந்தேன்? அவங்கல்ல சுமந்தாங்க!”

கத்திவிட்டேன். மாடி வரை கேட்டிருக்கும். உபதேசியார் நோட்டை மூடிக்கொண்டு குடையைத் தேடினார். கணவர் என் கையைப் பிடிக்க வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். நான் சுரண்டினேன். அழுதேன். மாமிமேல் இரக்கப்பட்டு அழுதேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. பாதி அதுதான். மீதிப் பாதி, தோற்றுப்போன கோபம்.

பெயிண்ட் தனியாக வரவில்லை. பூச்சோடு பெயர்ந்து விழுந்தது. நீலமெல்லாம் போனபின் பார்த்தால், பூச்சுத் தூணில் சிலுவை வடிவத்திலேயே செங்கல் சிவப்பாகத் தெரிந்தது. முன்னைவிட நன்றாகத் தெரிந்தது. கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஈஸ்டர் அன்று கோயிலில் எல்லோரும் எழுந்து நற்கருணைப் பந்திக்குப் போனபோது நான் மட்டும் இருக்கையில் இருந்தேன். கணவர் என்னோடு பேசவில்லை. வரிசையில் என்னைத் தாண்டிப் போனவர்களின் புடவை என் முட்டியில் பட்டது. எழுந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. எப்படியோ உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை நான் குழாயடியில் இருந்தபோது மாமி இறங்கி வந்தாள். தூணைப் பார்த்தாள். செங்கல் சிலுவை அங்கே இருந்தது; அதை நான் என்ன செய்ய முடியும்? தெருவாசலுக்குத்தான் போகப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பத் தூணைப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து புளியை எடுத்தாள்.

என் காது சிவந்துவிட்டது. இத்தனைக்கும் பிறகா என்று உள்ளே எரிந்தது. குழாயின் வாயைத் தேய்த்தாள். சொம்பை நிறைத்துக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை நின்றது.

“கொஞ்சம் தள்ளி நின்னுக்கோங்கோ. தெறிக்கும்” என்றாள்.

அதுவரை ஒரு நாளும் அவள் அப்படிச் சொன்னதில்லை. நான் தள்ளி நின்றேன். அவள் கழுவினாள். அந்தச் சிவப்புச் சிலுவைக்குக் கீழே குடத்தை வைத்தாள். நிறைத்து இடுப்பில் ஏற்றியபோது தடுமாறினாள். என் கை தானாக நீண்டது. நான் தொட்டால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அவள் மறுபடி குளிக்க வேண்டும். கையை இழுத்து முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன். படிக்கட்டு அடியில் நின்று பதினெட்டு ‘டண்’ணையும் எண்ணினேன். வாழ்நாளில் என் கை சும்மா இருக்கக் கற்றது அங்கேதான். அதற்கு வலித்தது.

மாமிக்கு ஆடியில் மூன்றாவது பெண் பிறந்தது. அந்தக் குழாய்த் தண்ணீரில்தான் குளிப்பாட்டினார்கள். குழந்தை கிறிஸ்தவளாகிவிடவில்லை. மாமி புளியை விடவும் இல்லை. நாங்கள் பேசிக்கொள்ளத் தொடங்கினோம், அவ்வளவுதான். அந்த வீட்டில் இருந்த அத்தனை வருஷமும் காலைதோறும் புளியும் சாம்பலும் வந்தன. காலைதோறும் எனக்குக் காது சிவந்தது.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் உபதேசியார் மறுபடி நோட்டோடு வந்தார். போன தடவையின் நினைவில் சற்றுத் தயங்கித்தான் கேட்டார். கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரோடும் மனஸ்தாபம் இல்லையே அம்மா?”

“இருக்கு ஐயா” என்றேன். “தினமும் காலையில ஒண்ணு வருது. அந்தம்மா குடம் நிறையறதுக்குள்ள போயிருது. நாளைக்கும் வரும். பேரை எழுதிக்கோங்க.”

அவர் பேனாவை மையில் தோய்த்தார். எழுதிக்கொண்டார்.